குளிர்காலக் காலையும் குளோ பிளக்கும்

கேள்வி: என் பழைய டீசல் பக்கி (பிக்கப் வண்டி), இங்கே குளிர்காலமான ஜூலை மாதக் காலைகளில் வெண்புகை கக்கி, நெடுநேரம் கழித்தே ஸ்டார்ட் ஆகிறது. ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டருக்குள் சூடேற்றும் நான்கு குளோ பிளக்குகளில் ஒன்று எரிந்துவிட்டதாம். அதை மட்டும் மாற்றலாமா?
– வாசகர், நியூகாசில், குவாசுலு-நட்டால், தென்னாப்பிரிக்கா

பதில்: மாற்றலாம், ஆனால் நான்கும் ஒரே வயதுடையவை என்றால் மற்றவையும் விரைவில் பழுதாகக்கூடும் என்பதால், நான்கையும் சேர்த்து மாற்றுவதையே நான் விரும்புவேன். முதலில் ஒயரைக் கழற்றி, மல்டிமீட்டரால் ஒவ்வொன்றின் மின்தடையையும் அளந்து பாருங்கள். நல்ல பிளக் மிகக் குறைந்த ஓம் காட்டும், எரிந்தது முடிவிலியைக் காட்டும். நான்குமே சரியாக இருந்தால், அவற்றுக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலேயைச் சந்தேகிக்க வேண்டும்.

வாங்கும்போது நீளமும் மரையும் பொருந்தினால் போதாது. பழைய வண்டிகள் சிலவற்றில் 12 வோல்ட்டுக்குக் குறைந்த பிளக்குகளே உண்டு என்பதால், பிளக்கில் பொறித்துள்ள வோல்ட்டைப் பார்த்தே வாங்குங்கள். “எல்லாம் ஒன்றுதான்” என்னும் கடைக்காரரை நம்ப வேண்டாம். குறைந்த வோல்ட் பிளக்கிற்கு நேரடியாக 12 வோல்ட் சென்றால் அது விரைவில் எரிந்துவிடும்.

கழற்றுவதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பை எடுத்துவிட்டு, முந்தைய இரவே மரையில் துரு இளக்கும் எண்ணெயை விட்டு, எஞ்சின் இளஞ்சூட்டில் இருக்கும்போது பொறுமையாகத் திருகுங்கள். இறுகியதை வலிந்து திருகினால் அது முறிந்து, சிலிண்டர் ஹெட்டையே கழற்ற நேரிடலாம்.