மேகம் கால் இறங்குவதைப் பார்ப்பது

அன்புள்ள ஐயா,

கனடாவில் சஸ்காட்சுவான் மாகாணத்தின் ரெஜைனா நகரில் எட்டு வருடமாக இருக்கிறோம். கணவருக்கு டொராண்டோவில் வேலை கிடைத்துவிட்டது. செப்டம்பர் கடைசியில் கிளம்புகிறோம். எனக்குச் சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். மலை இல்லை, கடல் இல்லை, இந்த ஊரில் என்னதான் இருக்கிறது என்று வந்த நாளிலிருந்து குறை சொல்லியே ஓட்டிவிட்டேன். போன வாரம் பெட்டி கட்டும்போது நிமிர்ந்தால் ஜன்னல் முழுக்க வானம். கை அப்படியே நின்றுவிட்டது. நீங்கள் இங்கே ஒரு வருடம் இருந்ததாக எழுதியிருந்தீர்கள். போவதற்குள் எதைப் பார்க்கட்டும்?

ஒரு வாசகி, ரெஜைனா

அன்புள்ள சகோதரி,

உங்கள் கார் நம்பர் பிளேட்டிலேயே 'உயிருள்ள வானங்களின் நிலம்' என்று எழுதியிருக்கிறது. நானும் பல மாதங்கள் அதைப் படித்துவிட்டு, வானத்தைப் பார்க்காமலே போய்க்கொண்டிருந்தேன்.

உச்சி வானத்தை விட்டுவிடுங்கள், அது டொராண்டோவிலும் இருக்கும். விளிம்பைப் பாருங்கள். தொடுவானம் என்ற சொல்லை நமக்குக் கடற்கரையில்தான் முழுசாகப் பார்க்கக் கிடைக்கும். டெல்டாவும் சமவெளிதான், ஆனால் தென்னையும் மூங்கிலும் மறைத்துக்கொள்ளும். ரெஜைனா இருப்பது பனியுகம் முடியும்போது உருகிய நீர் தேங்கிக் கிடந்த ஒரு பெரிய ஏரியின் அடித்தரை. அதனால்தான் அவ்வளவு மட்டம். ஊரைத் தாண்டி வயலில் நின்றால் நாலு பக்கமும் தொடுவானம்.

அங்கே நின்று தூரத்து மழையைப் பாருங்கள். உங்கள் அம்மா "மேற்கே கால் இறங்கிடுச்சு" என்று சொல்லியிருப்பார்கள். அந்தக் கால் மேகத்திலிருந்து தரைவரைக்கும் முழுசாக இறங்குவதை நான் அங்கேதான் பார்த்தேன். வெயிலில் நின்றுகொண்டு, வேறு யாருடைய வயலிலோ பெய்யும் மழையைப் பார்த்தேன். சில கால்கள் பாதியிலேயே காற்றில் ஆவியாகி, தரையைத் தொடாமல் மறைந்துவிடும். நாம் நிற்கும் இடத்திலிருந்து தரை ஐந்து கிலோமீட்டருக்குள் கண்ணுக்கு முடிந்துவிடுகிறது. ஆனால் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரம் எழும்பும் இடிமேகத்தின் தலை 200 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் தெரியும். இரவில் சத்தமே கேட்காமல் அது உள்ளுக்குள் மின்னிக்கொண்டிருக்கும். ஒருமுறை ரோட்டோரமாக வண்டியை நிறுத்தி இரண்டு மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வருடத்தில் எனக்கு மிச்சமாக நிற்பது அந்த இரவுதான்.

உங்களுக்குக் கிடைத்திருப்பது நல்ல மாதம். செப்டம்பரில் சாண்ட்ஹில் கொக்குகள் தெற்கே போகும். ரெஜைனாவுக்கு வடக்கே லாஸ்ட் மவுண்டன் ஏரியில் ஆயிரக்கணக்கில் இறங்கும். 1887லேயே பறவைகளுக்கென்று ஒதுக்கிய இடம் அது. கண்ணுக்குப் படுவதற்கு முன்பே அவற்றின் குரல் வந்துவிடும், அண்ணாந்து தேட வேண்டும். ஒரு வார இறுதி முழுசாகக் கிடைத்தால் தென்மேற்கே கிராஸ்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குப் போங்கள். செயற்கை வெளிச்சம் வராமல் 2009லிருந்து இருட்டைப் பாதுகாக்கும் இடம். அமாவாசையை ஒட்டிப் போனால் பால்வெளி தொடுவானம்வரை இறங்கியிருக்கும். பிள்ளைகள் தூங்கிவிட்டால் எழுப்பிக் காட்டுங்கள்.

நேரமே இல்லை என்றால் இதையாவது செய்யுங்கள். உங்கள் பக்கத்துக் கிராமச் சாலைகள் கோடு போட்டதுபோல் நேர் கிழக்கு மேற்காகப் போகும். செப்டம்பர் 22 வாக்கில் சூரியன் நேர் மேற்கில் மறையும். அப்படி ஒரு கிராவல் ரோட்டில் வண்டியை ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்துவிடுங்கள். சூரியன் சரியாக அந்த ரோடு முடிகிற இடத்தில் இறங்கும். அறுவடைத் தூசி இருந்தால் வெகுநேரம் சிவந்தே இருக்கும். அன்றைக்கு மேகம் மூடிவிட்டால் மறுநாள் போங்கள். ஒரு நாளில் சூரியன் ஏறக்குறைய தன் அகலம் அளவுக்குத்தான் தெற்கே தள்ளிப்போயிருக்கும்.