அவசர நிதியை எடுத்து வெளிநாட்டில் எடைக் குறைப்பு அறுவை செய்துகொள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 42. ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடல் நிறை குறியெண் (பிஎம்ஐ) 38. எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம் என்று என் மருத்துவர் சொல்லிவிட்டார். உள்நாட்டில் விசாரித்த இடத்தில் என் ஒன்பது மாதச் சம்பளம் கேட்கிறார்கள். வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில் ஸ்லீவ் எனப்படும் இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை, மூன்று இரவு மருத்துவமனை, இரண்டு இரவு ஹோட்டல், விமான நிலையம் போய்வரக் கார் எல்லாம் சேர்த்து நான்கு மாதச் சம்பளம்தான். அவசரத் தேவைக்கென்று ஐந்து மாதச் சம்பளம் சேர்த்து வைத்திருக்கிறேன். கடன் வாங்காமல் அதிலிருந்தே கொடுத்துவிட நினைக்கிறேன். இந்த மாத இறுதிக்குள் 30 சதவீதம் முன்பணம் கட்டினால் தள்ளுபடி உண்டாம். அக்கா துணைக்கு வருகிறார். மாதம் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகிறது. கணவருக்கு நிலையான வருமானம் கிடையாது. என் முடிவு சரியா?

பதில்: அறுவை செய்துகொள்ளும் முடிவைப் பற்றி நான் பேசப்போவதில்லை, அது உங்களுக்கும் மருத்துவருக்கும் இடையிலானது. பணம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை. அவசர நிதி அதிகம் தேவைப்படக்கூடிய காலமே அறுவைக்குப் பிந்தைய சில மாதங்கள்தான். அந்தக் காலம் தொடங்கும் அன்றே அதைக் காலி செய்துவிடத் திட்டமிடுகிறீர்கள். வீட்டில் நிலையான வருமானம் உங்களுடையது மட்டும் என்பதால் எனக்கு இன்னும் தயக்கம்.

முதலில் ஒரு வேலை. உங்கள் மருத்துவக் காப்பீடு உள்நாட்டு அறுவைக்குப் பணம் தருமா என்று கேட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 1991-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் வகுத்த பழைய வரம்பு, குறியெண் 40, அல்லது 35-உடன் சர்க்கரை போன்ற ஒரு நோய். 2022-இல் எடைக் குறைப்பு அறுவை நிபுணர்களின் அமெரிக்கச் சங்கமும் உலகக் கூட்டமைப்பும் சேர்ந்து அதைத் தளர்த்தி, 35 இருந்தாலே போதும், வளர்சிதை மாற்ற நோய் இருந்தால் 30-லேயே யோசிக்கலாம் என்றன. பல காப்பீட்டு நிறுவனங்கள் இன்னும் பழைய வரம்பையே பிடித்துக்கொண்டிருக்கின்றன. உங்களுக்கு 38, கூடவே சர்க்கரை. பழைய வரம்பின்படியே நீங்கள் தகுதி உள்ளவர். அலுவலகம் எடுத்துத் தந்த குழுக் காப்பீடு இருந்தால் அதையும் பாருங்கள். இந்த அறுவையையே விலக்கி வைத்திருக்கும் பாலிசிகளும் உண்டு, காத்திருப்புக் காலம் வைத்திருப்பவையும் உண்டு. எதுவானாலும் பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஒன்பது மாதச் சம்பளத்தில் பாதியை அவர்கள் ஏற்றுக்கொண்டால், பாஸ்போர்ட்டைத் தேடும் வேலையே இல்லை.

அவர்கள் கைவிரித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொண்டு மேலே போவோம். கணக்கை உங்கள் வழியிலேயே, சம்பள மாதங்களில் போடுகிறேன்.

பேக்கேஜ் நான்கு மாதம். கிளம்பும் முன் இங்கே செய்துகொள்ள வேண்டிய ரத்தப் பரிசோதனை, எண்டோஸ்கோப்பி, இதயப் பரிசோதனை, உணவு ஆலோசகர் ஆகியவற்றுக்குக் கால் மாதம். இரண்டு விமான டிக்கெட், விசா, அக்காவின் தங்கும் செலவு அரை மாதம். ஹோட்டலில் கூடுதலாக ஐந்து இரவுகள், கால் மாதம்; ஏன் என்று பிறகு சொல்கிறேன். சம்பளத்துடன் விடுப்பு எத்தனை நாள் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. உட்கார்ந்து செய்யும் வேலைக்கே இரண்டு முதல் நான்கு வாரம் ஓய்வு சொல்வார்கள்; எடை தூக்கும் வேலையென்றால் இன்னும் நீளும். இரண்டு வாரம் சம்பளமில்லா விடுப்பு என்று அரை மாதம் வைக்கிறேன். ஆக, ஊர் திரும்பும் வரை ஐந்தரை மாதம். பிறகு முதல் ஆண்டில் சத்து மாத்திரை, ரத்தப் பரிசோதனை, மருத்துவரைப் பார்க்கும் கட்டணம் அரை மாதம். இரண்டு முறையாவது மாற்ற வேண்டியிருக்கும் துணிமணிகளுக்குக் கால் மாதம். மொத்தம் ஆறேகால்.

விடுப்பு, மாத்திரை, துணி இவையெல்லாம் உள்நாட்டில் செய்தாலும் உண்டுதான். அதனால் ஒன்பதை அப்படியே ஒப்பிடாமல் பத்தேகால் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஐந்து மாதம் என்று நினைத்த லாபம் நான்காகிறது. நான்கு மாதச் சம்பளம் சிறிய தொகை இல்லை. வெளிநாடு போகவே கூடாது என்று சொல்ல என்னிடம் காரணம் இல்லை. துருக்கிக்கும் மெக்சிகோவுக்கும் இதற்காகவே போகிறவர்கள் நிறையப் பேர். பெரும்பாலோர் நலமாகத் திரும்புகிறார்கள். என் கவலை அப்படித் திரும்பாத மீதிப் பேரைப் பற்றியது.

ஸ்லீவ் அறுவையில் இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கு, சில சமயம் அதற்கும் மேல், வெட்டி எடுக்கப்படுகிறது. மீதியை நீளமாக ஸ்டேப்பிள் போட்டு மூடுகிறார்கள். அந்தத் தையல் வரிசையில் கசிவு ஏற்படுவது அபூர்வம். ஏற்பட்டால் மறு அறுவை, தீவிர சிகிச்சைப் பிரிவு, வாரக்கணக்கில் படுக்கை. இது தெரியவருவது பல சமயம் மருத்துவமனையை விட்டு வந்த பிறகு, முதல் இரண்டு வாரங்களுக்குள். உங்கள் பேக்கேஜோ ஐந்தாவது இரவோடு முடிகிறது. அதாவது ஆபத்தான நாட்களில் பாதிக்கு மேல் விமானத்திலும் வீட்டிலும் கழியும். காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்தும் இதே காலத்தில்தான். நீண்ட விமானப் பயணம் அதைக் கூட்டும். கூடுதல் ஐந்து இரவுகளை அதனால்தான் சேர்த்தேன். அறுவை செய்தவர் நேரில் பார்த்து, பயணம் செய்யலாம் என்று எழுதித் தந்த பிறகே திரும்புங்கள். இரண்டு டிக்கெட்டையும் தேதி மாற்றக்கூடிய வகையில் எடுங்கள். இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

வீடு திரும்பியபின் வரும் சிக்கலுக்கு யார் பணம் தருவார்கள்? சாதாரணப் பயணக் காப்பீடு, திட்டமிட்டுச் செய்துகொள்ளும் சிகிச்சையையும் அதன் பின்விளைவையும் பொதுவாக விலக்கிவிடும். உங்கள் மருத்துவக் காப்பீடும் ‘அது நாங்கள் அனுமதிக்காத அறுவை’ என்று சொல்லக்கூடும். சிகிச்சைக்காகப் பயணம் செய்பவர்களுக்கென்றே தனிக் காப்பீடு விற்கிறார்கள், கிடைத்தால் வாங்குங்கள். ஆனால் ஊர் திரும்பி எத்தனை நாள் வரை செல்லும், உள்நாட்டு மருத்துவமனைக் கட்டணத்தைத் தருமா என்ற இரண்டையும் படிக்காமல் பிரீமியம் கட்டாதீர்கள்.

எனவே மூன்று மாதச் சம்பளத்தைத் தொடாத பணமாக, நினைத்த நேரத்தில் எடுக்கக்கூடிய கணக்கில் வைத்துவிட்டுத்தான் நீங்கள் விமானம் ஏற வேண்டும். கிளம்பும் நாளில் தேவை ஐந்தரையும் மூன்றும், எட்டரை. கையில் ஐந்து. குறைவது மூன்றரை. மாதம் மூன்றில் ஒரு பங்கு சேர்த்தால் பதினோரு மாதத்தில் வந்துவிடும். முதல் ஆண்டின் மற்றச் செலவைத் திரும்பி வந்தபின் சம்பளத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது மருத்துவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: பதினோரு மாதம் பொறுத்தால் என் உடலுக்குக் கெடுதல் உண்டா? இல்லை என்றால் பொறுங்கள். புகைப்பழக்கம் இருந்தால் விட, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர, அளவாக உண்டு பழக அந்தக் காலம் உதவும். உண்டு, சீக்கிரம் செய்வது நல்லது என்றால் கடன் வாங்குங்கள். ஆம், நான்தான் சொல்கிறேன். மூன்றரை மாதச் சம்பள அளவுக்கு, 18 மாதத் தவணையில், முன்கூட்டி அடைத்தால் அபராதம் இல்லாத தனிநபர் கடன். வட்டி சேர்த்துத் தவணை உங்கள் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டும், மிச்சத்துக்குள் அடங்கிவிடும். சம்பளமில்லா விடுப்பு மாதத்தின் தவணையை மட்டும் முன்பே எடுத்து வைத்துவிடுங்கள். மூன்று மாதம் சிக்கலின்றிப் போனால் தொடாத பணத்தில் பாதியைப் போட்டுக் கடனைக் குறையுங்கள். மறு பாதி இருக்கட்டும். எடை வேகமாகக் குறையும்போது பித்தப்பையில் கல் உண்டாவது சாதாரணம். அந்த அறுவைக்கும் செலவு உண்டு. வட்டி எவ்வளவு என்று இன்றே காகிதத்தில் எழுதிவிடலாம். தீவிர சிகிச்சைப் பிரிவின் பில்லை அப்படி எழுத முடியாது. கிரெடிட் கார்டில் மாதாமாதம் இழுத்துக்கொண்டு போகும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம்.

முன்பணத்தை இந்த மாதம் கட்டாதீர்கள். உங்களிடம் பேசும் ஒருங்கிணைப்பாளர் பெரும்பாலும் விற்பனை ஆள். அவருக்குக் கமிஷன் இருக்கலாம். அறுவை மேசைக்குத் தேதி வைத்துத் தள்ளுபடி கொடுப்பதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. அவரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள்: அங்கே போனபின் பரிசோதனையில் புண்ணோ வேறு குறையோ தெரிந்து அறுவை முடியாது என்றால் எவ்வளவு பணம் திரும்ப வரும்? துளை வழியாகத் தொடங்கி வயிற்றைத் திறக்க வேண்டி வந்தால் கூடுதல் கட்டணம் யாருடையது? கசிவு வந்து மறு அறுவை என்றால்? தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நாளைக்கு எவ்வளவு? அறுவை செய்யப்போகிறவர் யார், ஆண்டுக்கு இப்படி எத்தனை செய்கிறார்? ஜாயின்ட் கமிஷன் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு தரும் தரச் சான்று இருக்கிறது என்பார்கள். நல்லதுதான், ஆனால் அது மருத்துவமனைக்குத் தரப்படுவது. அறுவை நிபுணரின் தகுதியை அந்த நாட்டு மருத்துவப் பதிவேட்டில் தனியே பார்க்க வேண்டும். பணத்தை மருத்துவமனையின் பெயரிலுள்ள கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள், ஒருங்கிணைப்பாளரின் சொந்தக் கணக்குக்கு ஒருபோதும் வேண்டாம். விலை அந்நிய நாணயத்தில் என்றால், நாணய மாற்று விகிதம் ஏறினாலும் தாங்குமாறு பேக்கேஜ் தொகையில் பத்து சதவீதம் கூட வைத்துக்கொள்வது என் வழக்கம்.

உள்நாட்டில் உங்களைத் தொடர்ந்து பார்க்க ஒரு மருத்துவரை, போவதற்கு முன்பே சம்மதிக்க வைத்துவிடுங்கள். வேறொருவர் செய்த அறுவையைக் கையிலெடுக்கப் பலர் தயங்குவார்கள். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவர், இரண்டே வரி டிஸ்சார்ஜ் சீட்டோடு திரும்பியிருந்தார். மூன்றாவது வாரம் ஓயாத வாந்தி. என்ன செய்தார்கள் என்ற விவரம் இல்லாததால் மூன்று இடங்களில் திருப்பி அனுப்பினார்கள். நான்காவது இடத்தில் இரைப்பை குறுகியிருப்பதைக் கண்டுபிடித்து விரித்துவிட்டார்கள். செலவைவிட அந்த அலைச்சல்தான் அவரை நொறுக்கியது. இப்படி நிற்காத வாந்தியில் தயமின் என்ற பி1 வைட்டமின் தீர்ந்து நரம்பு பாதிக்கப்படக்கூடும். காத்திருக்கும் நோய் இல்லை அது. அறுவைக் குறிப்பு முழுவதையும், உங்கள் மருத்துவர் படிக்கக்கூடிய மொழியில், கிளம்பும் முன் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தொடர்ந்து பார்ப்பது ஓரிரு மாத வேலையும் இல்லை. மருத்துவ வழிகாட்டு நெறிகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, அறுவை செய்த குழுவே குறைந்தது இரண்டு ஆண்டு கவனிக்க வேண்டும், அதன்பின் ஆண்டுக்கொரு முறை பார்க்க வேண்டும் என்கிறது. பி12, இரும்பு, கால்சியம், டி வைட்டமின் ஆயுள் முழுக்கத் தேவைப்படும். மாதச் செலவுப் பட்டியலில் மின்கட்டணம்போல் இதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். சர்க்கரை மாத்திரையின் அளவு அறுவை முடிந்த சில நாட்களிலேயே குறையக்கூடும். குறைக்காமல் பழைய அளவிலேயே விழுங்கினால் சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்துவிடக்கூடும். அதையும் இங்குள்ள மருத்துவர்தான் பார்க்க வேண்டும். மாத்திரைச் செலவு மிச்சமாகும் என்று சிலர் இப்போதே கணக்குப் போடுகிறார்கள். மிச்சமானால் மகிழ்ச்சி, திட்டத்தில் எழுதாதீர்கள். ஸ்லீவுக்குப் பிறகு சிலருக்கு நெஞ்செரிச்சல் அதிகமாகி, சில ஆண்டுகள் கழித்து அதை இரைப்பை பைபாஸ் என்ற வேறு வகை எடைக் குறைப்பு அறுவையாக மாற்ற நேர்கிறது. தொங்கும் தோலை எடுக்கவும் சிலர் விரும்புவார்கள். இரண்டுக்கும் இன்று பணம் ஒதுக்கத் தேவையில்லை, ஆனால் கடன் முடிந்ததும் அதே தவணைத் தொகையைத் தொடர்ந்து சேமித்து வாருங்கள்.

ஆயுள் காப்பீடு எடுக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே விண்ணப்பியுங்கள். அறுவை செய்துகொண்ட சில மாதங்களுக்குப் பல நிறுவனங்கள் விண்ணப்பத்தை நிறுத்தி வைக்கும். திட்டமிட்ட அறுவையைப் பற்றிக் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். வங்கிக் கணக்கில் நாமினி பெயர் சரியா என்று பாருங்கள். நீங்கள் மயக்கத்தில் இருக்கும்போது அங்கே பணம் கட்ட வேண்டி வந்தால் அக்காவால் முடியுமா? அவர் பெயரில், வெளிநாட்டில் செல்லுபடியாகும் கூடுதல் கார்டு ஒன்று வாங்கி, கிளம்பும் முன் ஒரு சிறு தொகைக்குப் பயன்படுத்திப் பாருங்கள்.