நின்றுகொண்டே கேட்டது

அண்ணனுக்கு வணக்கம்.

தக்கலைப் பக்கம் என் ஊர். நான்கு வருடமாக ஜெர்மனியில் நர்ஸாக இருக்கிறேன். போன மாதம் லீவு கிடைத்து வியன்னா போனேன். அங்குள்ள ஸ்டேட் ஆபரா என்ற பாட்டு நாடக அரங்கத்தைப் பகலில் சுற்றிக் காட்டினார்கள். படிக்கட்டும் தங்கப் பூச்சும் அழகுதான், ஆனால் அரை மணி நேரத்தில் அலுத்துவிட்டது. சாயங்காலம் தோழி கீழ்த்தளத்தில் நின்று பார்க்கும் டிக்கெட் எடுத்தாள். ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுதான். 'லா போஹேம்' என்ற பாட்டு நாடகம் நடந்தது. எனக்கு இசை ஒன்றும் தெரியாது. முன்னால் இருந்த சின்னத் திரையில் ஓடிய வரிகளை வைத்துக் கதையைப் பிடித்துக்கொண்டேன். கால் வலி தாங்கவில்லை. ஆனால் கடைசியில் அந்தப் பெண் சாகும்போது என்னை அறியாமல் அழுதுவிட்டேன். இங்குள்ள நம் ஊர்க்காரர்களிடம் சொன்னால், "அது பெரிய மனுசங்க போற இடம், உனக்கு என்ன புரிஞ்சுது?" என்கிறார்கள். அம்மா போனில், "அங்க என்ன பாத்த மக்களே?" என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என்னைப் போன்றவர்கள் அங்கே போவதில் அர்த்தம் உண்டா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

பகலில் அரை மணி நேரத்தில் அலுத்துப்போன கட்டடம், இரவில் கால் வலியோடு இரண்டரை மணி நேரம் உங்களை நிறுத்தி வைத்திருக்கிறது. நீங்கள் போகிறபோக்கில் எழுதிய இதுதான் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில். அது கேட்பதற்காகக் கட்டிய இடம். பகலில் காட்டுவது உறை போட்டு வைத்த வீணையை.

உங்கள் ஊர் பத்மநாபபுரம் அரண்மனையில் நவராத்திரி மண்டபம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வரிசையாகக் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள். கல்தூண்கள், முகம் தெரிகிற கறுப்புத் தரை, அரச குடும்பத்துப் பெண்கள் மறைவில் இருந்து பார்ப்பதற்கான மரச் சாளரம். எல்லாம் பார்த்தோம். அங்கே ஒரு குரல் எழுந்தால் அந்தக் கல் அதை எப்படித் திருப்பித் தரும் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? புரட்டாசி பிறந்தால் அரண்மனைச் சரஸ்வதியும் வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் நவராத்திரிக்கு ஊர்வலமாகத் திருவனந்தபுரம் கிளம்பிவிடுகிறார்கள். ஒன்பது நாள் கச்சேரியும் அங்குள்ள நவராத்திரி மண்டபத்தில்தான். நம் மண்டபம் டிக்கெட் நேரத்துக்குத் திறந்து டிக்கெட் நேரத்துக்கு மூடுகிறது. எனக்கு இது தீராத வருத்தம். அதனால்தான் வியன்னாக்காரர்கள் மேல் ஒரு பொறாமையே உண்டு.

நீங்கள் ஏறிய அந்தப் படிக்கட்டு 1869-ல் திறந்த பழைய கட்டடத்தைச் சேர்ந்தது. நீங்கள் நின்று கேட்ட அரங்கமோ 1955-ல் எழுந்தது. 1945 மார்ச் 12 அன்று விழுந்த குண்டில் மேடையும் அரங்கமும் எரிந்துபோயின. சுமார் ஒன்றரை லட்சம் உடைகள் சாம்பலாயின. முன்பக்கமும் படிக்கட்டும் மட்டும் தப்பின. சோற்றுக்கே வழியில்லாத நகரம், நான்கு நாட்டுப் படைகள் பங்கு போட்டுக்கொண்ட நகரம், அந்த நிலையிலும் பாட்டுக் கேட்கும் இடத்தை மறுபடி கட்ட வேண்டும் என்று முடிவெடுத்தது. அந்நியப் படைகள் வெளியேறிய சில நாட்களில், 1955 நவம்பர் 5 அன்று, பீத்தோவனின் 'ஃபிடேலியோ'வோடு திறந்தார்கள். சிறையில் கிடக்கும் கணவனை மனைவி மீட்கிற கதை.

அதை முதலில் கட்டியவர்கள் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். ஃபான் டெர் ன்யுல், சிகார்ட்ஸ்புர்க் என்று இரண்டு கட்டடக் கலைஞர்கள், இணைபிரியாத நண்பர்கள். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே எதிரே போகிற ரிங் சாலையை ஒரு மீட்டர் உயர்த்திவிட்டார்கள். கட்டடம் பள்ளத்தில் உட்கார்ந்தது போலத் தெரிந்தது. மண்ணில் புதைந்த பெட்டி என்று ஊரே ஏசியது. ஃபான் டெர் ன்யுல் 1868-ல் தூக்கில் தொங்கினார். சில வாரங்களில் மற்றவரும் போய்ச் சேர்ந்தார். திறப்பு விழாவைப் பார்க்க இருவருமே இல்லை. எந்தக் கட்டடத்தையும் எடுத்தெறிந்து பேச வாய் வரும்போது எனக்கு இவர்கள் ஞாபகம் வந்துவிடும்.

சரி, பெரிய மனுசர் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் நின்ற இடத்துக்கு நேர் மேலே இருந்தது எது தெரியுமா? நடுமாடம். எரிந்துபோன பழைய அரங்கத்தில் பேரரசரின் மாடம் இருந்த இடம். மேடைக்கு நேர் எதிர். அவர் பார்த்த அதே கோணத்தில், அந்த மாடத்துக்குக் கீழே நின்று நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பக்கத்து மாடங்களில் எத்தனையோ மடங்கு காசு கொடுத்து உட்கார்ந்தவர்களில் பலருக்குப் பாதி மேடை தெரியாது. சுமார் 1,700 இருக்கைகளோடு நிற்பதற்கு 400-க்கும் மேல் இடம் வைத்திருக்கிறார்கள். அங்கே நிற்பவர்கள்தான் கறாரான ரசிகர்கள் என்று பெயர். இடம் பிடிக்கக் கம்பியில் கைக்குட்டையோ ஸ்கார்ஃபோ கட்டிவிட்டுப் போவது அங்கே பழைய வழக்கம். நாம் பஸ்ஸில் துண்டு போடுகிறோமே, கோயில் கொடைக்கு முந்தியே போய்ப் பாய் விரிக்கிறோமே, அதேதான்.

யார் உள்ளே வரலாம் என்ற கேள்வி, பாட்டுக் கேட்க வருகிறவர்களோடு நிற்கவும் இல்லை. அந்த ஆபராவின் இசைக்குழுவில் இருந்து அமைந்த வியன்னா ஃபில்ஹார்மோனிக், பெண்களை உறுப்பினராகச் சேர்த்தது 1997-ல். திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் முதன்முதலாக ஒரு பெண் பாடியது 2006-ல், நம் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பாறசாலையைச் சேர்ந்த பொன்னம்மாள். தாமதமாகத்தான் திறக்கிறது, ஆனால் திறக்கிறது.

இசை தெரியாது என்கிறீர்கள். அங்கே பாடுபவர்களுக்கு மைக் கிடையாது. அத்தனை வாத்தியங்களுக்கும் மேலே ஒற்றைக் குரல் கடைசி வரிசை வரைக்கும் வந்தது அல்லவா? வினாடிக்கு 3,000 அதிர்வு பக்கத்தில், வாத்தியங்களின் ஒலி குறைந்து போகிற இடத்தில், தன் குரலைக் கூர்மையாக்கப் பல வருடம் பழகுகிறார்கள். அந்தக் குரல் காதுக்கு மட்டும் வருவதில்லை, நெஞ்சுக்கூட்டில் வந்து படுகிறது. உங்களை அது தொட்டுவிட்டது. ராகத்தின் பெயர் தெரிந்துகொள்வதெல்லாம் அப்புறம்.

நீங்கள் அழுத அந்தக் காட்சிக்கு வருகிறேன். காசநோயில் கிடக்கும் மிமி பேச்சடங்கிப் போகிறாள். காதலன் அவள் மேல் வெயில் படாமல் ஜன்னலை மறைத்துக்கொண்டு நிற்கிறான். அவள் போய்விட்டதை நண்பர்கள் பார்த்துவிடுகிறார்கள், அவனுக்கு மட்டும் தெரியாது. அப்போது அவன் பாட்டை விட்டுவிட்டுப் பேசுகிறான். ஏன் இப்படிப் போகிறீர்கள், வருகிறீர்கள், ஏன் என்னை இப்படிப் பார்க்கிறீர்கள் என்கிறான். சுற்றி நிற்பவர்களின் முகத்தில் இருந்துதான் அவனுக்குச் செய்தி போகிறது. வார்டில் எத்தனை பேர் உங்கள் முகத்தைப் பார்த்து அப்படித் தெரிந்துகொண்டிருப்பார்கள் தங்கச்சி! அந்த அரங்கத்தில் அன்றைக்கு உங்களைவிட அதைப் புரிந்துகொண்டவர் ஒருவர் இருந்திருந்தால் எனக்கு ஆச்சரியம்தான்.

அம்மாவுக்கு இதை விளக்க வேண்டாம், கதையாகவே சொல்லுங்கள். கொடையில் விடிய விடிய வில்லுப்பாட்டுக் கேட்டு, முத்துப்பட்டன் வெட்டுப்பட்டு விழுகிற இடத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்ட தலைமுறை அவர்கள். மிமி இருமத் தொடங்கும்போதே, "ஐயோ, பிள்ளைக்கு யாரும் இல்லியா மக்களே?" என்று கேட்பார்கள் பாருங்கள்.