ஒரு தாங்கிக்கு இரண்டு நாடு: வாசகர் கேள்வி – பதில்

புதிய தலைமுறை யுத்தத் தாங்கிகளையும் கவச வாகனங்களையும் நாடுகள் கூட்டாக உருவாக்குவது பற்றி மலையகத்தின் பல ஊர்களிலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. அவற்றில் ஏழுக்கு இங்கே பதில் தருகிறோம்.

ஜேர்மனியும் பிரான்ஸும் சேர்ந்து ஒரு தாங்கி செய்கின்றனவாமே? அது எந்த அளவில் நிற்கிறது?
– வாசகர், ஹட்டன்

ஜேர்மனியின் லெப்பர்ட் 2, பிரான்ஸின் லெக்லேர் இரண்டுக்கும் பதிலாக வரவேண்டிய எம்.ஜி.சி.எஸ். என்ற திட்டத்தைத்தான் கேட்கிறீர்கள். 2017இல் இரு அரசுகளும் கொள்கையளவில் சம்மதித்தன. வேலைப் பங்கீட்டு ஒப்பந்தம் பாரிஸில் கையெழுத்தானது 2024 ஏப்ரல் 26இல். வேலை எட்டுத் தூண்களாகப் பிரிக்கப்பட்டது, செலவு பாதிக்குப் பாதி. 2025இல் கொலோன் நகரில் கூட்டுக் கம்பனி ஒன்று பதிவானது. கே.என்.டி.எஸ். நிறுவனத்தின் ஜேர்மன் கிளை, அதன் பிரெஞ்சுக் கிளை, ஜேர்மனியின் ரைன்மெட்டல், பிரான்ஸின் தாலெஸ் ஆகிய நான்குக்கும் அதில் தலைக்கு 25 வீதம். தாங்கி படையில் சேர 2040 ஆகும் என்பது இலக்கு.

சம்மதத்திலிருந்து கையெழுத்து வரைக்கும் ஏழு வருடம் போயிற்று. 2015இல் ஜேர்மனியின் கிராஸ்-மஃபை வெக்மன்னும் பிரான்ஸின் நெக்ஸ்டரும் இணைந்து கே.என்.டி.எஸ். ஆனபோது தராசு சமமாக இருந்தது. 2019இல் ரைன்மெட்டல் உள்ளே வந்ததும் ஜேர்மனிப் பக்கம் இரண்டு கம்பனி, பிரான்ஸ் பக்கம் ஒன்று என்றாகிவிட்டது. அதன்பின் தகராறு பீரங்கிக் குழலில் வந்து நின்றது. ரைன்மெட்டலிடம் உள்விட்டம் 130 மில்லிமீட்டர் உள்ள குழல் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களிடம் 140 மில்லிமீட்டர் வரை போகக்கூடிய அஸ்கலோன் என்ற குழல் இருக்கிறது. குழலை ஒருமுறை விற்றால் முடிந்தது, குண்டையோ தாங்கி ஓடும் காலமெல்லாம் விற்கலாம். இரு தரப்பும் இறங்கி வராததற்கு முக்கிய காரணம் அந்தக் குண்டு வியாபாரம்தான் என்பது எங்கள் கணிப்பு.

120 மில்லிமீட்டருக்கும் 130க்கும் ஒரு சென்ரிமீட்டர்தானே வித்தியாசம்? அதற்கு ஏன் புதிய தாங்கியே தேவை?
– உயர்தர மாணவி, தலவாக்கலை

லெப்பர்ட் 2, லெக்லேர் இரண்டும் இன்று சுடும் 120 மில்லிமீட்டர் குண்டு ஒன்று ஏறத்தாழ 20 கிலோ. பல தோட்டங்களில் ஒரு பேர் (ஒரு நாள் சம்பளம்) விழுவதற்கு எடுக்கவேண்டிய 18 கிலோ கொழுந்தைவிடக் கொஞ்சம் கூட. அதைக் குலுங்கும் தாங்கிக்குள் ஒருவர் தூக்கித் திருப்பிச் சில விநாடிகளில் குழலுக்குள் தள்ளுகிறார். பயிற்சி இருந்தால் முடியும். 130 மில்லிமீட்டர் குண்டு சுமார் 30 கிலோ, நீளம் 1.3 மீட்டர். அந்த இடுக்கில் அதை மனிதக் கையால் திருப்பவே முடியாது.

ஆகவே குண்டு நிரப்ப இயந்திரம் வேண்டும். இயந்திரம் வந்தால் நிரப்புபவர் தேவையில்லை, நான்கு பேர் மூன்றாகிறார்கள். அந்த மூவரையும் கீழே உடற்பகுதிக்கு இறக்கிவிட்டால் மேலே சுழலும் கோபுரத்தில் ஆளே வேண்டாம். ஆள் இல்லாத கோபுரத்துக்குத் தடித்த கவசமும் வேண்டாம், பல தொன் மிச்சம். ரஷ்யா 2015இல் அணிவகுப்பில் காட்டிய டி-14 அர்மாட்டா இந்த வழியில் போனதுதான்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. மேலே தலையை நீட்டிப் பார்ப்பவர் இனி இல்லை, எல்லாம் கமராவும் திரையும். மின்சாரம் போனால், அல்லது சேறு கமராவை மூடினால், உள்ளே இருப்பவர்களுக்குக் கண் இல்லை. குண்டு நிரப்பும் இயந்திரம் பாதியில் இறுகி நின்றால் கையை விட்டு எடுக்கவும் வழி இல்லை. இதனால் மின்வழிகளை இரட்டிப்பாகப் போடவேண்டும். மிச்சம் பிடித்த எடையில் ஒரு பங்கு அங்கே திரும்பிப் போய்விடும்.

முன்பு இப்படிக் கூட்டாகச் செய்து தோற்ற திட்டங்கள் உண்டா?
– இயந்திரப் பட்டறை நடத்துபவர், மாத்தளை

உண்டு. அமெரிக்காவும் மேற்கு ஜேர்மனியும் 1963இல் ஆரம்பித்த எம்.பி.டி-70ஐப் போல நல்ல பாடம் வேறில்லை.

உங்கள் தொழிலிலிருந்தே தொடங்கலாம். ஜேர்மனியர் மில்லிமீட்டரில் வரைந்தார்கள், அமெரிக்கர் அங்குலத்தில். எந்த நட், எந்த போல்ட் என்பதே பெரிய வாக்குவாதமாயிற்று. தேயிலை ஸ்டோரில் பழைய ஆங்கிலேயர் காலத்து ரோலரைக் கழற்றியவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். ஆங்கிலேயரின் விட்வர்த் அளவில் அரை அங்குல போல்டில் ஓர் அங்குலத்துக்கு 12 புரி, அமெரிக்க அரை அங்குலத்தில் 13 புரி. கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும். ஒன்றின் நட்டை மற்றதில் போட்டால் ஒன்றிரண்டு சுற்று ஏறி இறுகிவிடும், பலவந்தம் செய்தால் புரி போய்விடும். 12 மில்லிமீட்டர் போல்ட் என்றால் இரண்டுக்கும் சேராது. ஒரு தாங்கியில் இப்படி ஆயிரக்கணக்கான இணைப்பு.

ஆனால் திட்டத்தைக் கவிழ்த்தது அதைவிடப் பெரியது. ஏவுகணையும் சுடும், குண்டும் சுடும் 152 மில்லிமீட்டர் குழல் அமெரிக்கரின் பிடிவாதம். ஜேர்மனியர் தங்கள் 120 மில்லிமீட்டர் குழலில் நம்பிக்கை வைத்திருந்தார்கள். எஞ்சினுக்கும் இரு நாட்டுக்கு இரண்டு தெரிவு. உயரம் குறையவேண்டும் என்று சாரதியைக் கோபுரத்துக்குள்ளேயே உட்கார வைத்தார்கள். கோபுரம் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் முன்னே பார்த்தபடி இருக்க, அவருடைய இருக்கைக் கூடு எதிர்ப்பக்கம் சுழலவேண்டும். ஓட்டியவர்களுக்குத் தலை சுற்றியது. குண்டின் எரியும் உறை ஈரத்தை உறிஞ்சி உப்பியது. செலவு பல மடங்காயிற்று. ஜேர்மனி விலகியது, 1971இல் அமெரிக்க நாடாளுமன்றம் பணத்தை நிறுத்தியது.

பிறகு அவரவர் தனித்தனியே செய்தவைதான் லெப்பர்ட் 2உம் ஏப்ரம்ஸும். இதில் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. 1980களின் நடுவில் அமெரிக்கா தன் எம்1ஏ1 தாங்கிக்கு அதே ஜேர்மன் 120 மில்லிமீட்டர் குழலை அனுமதி பெற்றுத் தானே செய்து பொருத்திக்கொண்டது. முழுத் தாங்கியைப் பொதுவாக்க முடியாதவர்களுக்குக் குழலையும் குண்டையும் பொதுவாக்க முடிந்தது.

60 தொன் தாங்கி இறம்பொடை ஏற்றத்தில் ஏறுமா?
– லொறிச் சாரதி, நுவரெலியா

ஏறும். 1,500 குதிரைவலு எஞ்சினில் பத்துக்கு ஒன்று ஏற்றத்தை மணிக்கு 30 கிலோமீட்டர் அளவில் ஏறலாம் என்று கணக்கு வருகிறது. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறத்தாழ 17 வீதம் குறைவு. டர்போ அதை ஈடுசெய்யும். இறக்கத்தில்தான் கவலை. நீங்கள் கியரைக் குறைத்து எஞ்சினால் பிடித்து இறக்குவதுபோல, தாங்கியின் கியர்பெட்டிக்குள் எண்ணெயைக் கலக்கி வேகத்தைத் தின்னும் அமைப்பு ஒன்று உண்டு. அது சூடேறிவிட்டால் நிறுத்தி ஆறவிட்டுத்தான் போகவேண்டும்.

வீதி தாங்குமா என்றால், தரைக்குப் போகும் அழுத்தம் நினைப்பதைவிடக் குறைவு. இரண்டு சங்கிலிப் பட்டையும் சேர்ந்து தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 6 சதுர மீட்டர். 60 தொன்னை அதில் பரப்பினால் ஒரு சதுர சென்ரிமீட்டருக்கு ஒரு கிலோ. கார் டயர் அதன் இரு மடங்கு அழுத்துகிறது. ஆகவே வயலில் கார் புதையும் இடத்தில்கூடத் தாங்கி போகும்.

பாலத்துக்கு இந்தக் கணக்கு எடுபடாது. தாங்கி பாலத்தின் மேல் நிற்கும்போது முழு 60 தொன்னும் அந்த ஐந்து மீட்டர் நீளத்துக்குள் இறங்குகிறது. அகலமும் 3.7 மீட்டருக்குமேல், எதிரே வரும் பஸ்ஸுக்கு இடமில்லை. அமெரிக்கா எம்10 புக்கர் என்ற வாகனத்தை இலகுவாக இருக்கும் என்று தொடங்கி, அது ஏறத்தாழ 40 தொன்னில் போய் நிற்க, 2025இல் கைவிட்டது. கென்டக்கியிலுள்ள ஒரு முகாமின் 11 பாலங்களில் எட்டு அதைத் தாங்கா என்று செய்தி வந்தது. கூட்டுத் திட்டத்தில் இந்த ஆபத்து இன்னும் கூட. ஒவ்வொரு நாடும் தனக்கு வேண்டியதை ஒவ்வொன்றாகச் சேர்க்கும், எதையும் கழற்ற எவரும் சம்மதியார்.

கவசத் தகட்டைச் சாதாரண வெல்டிங்கில் ஒட்ட முடியாது என்கிறார்களே, ஏன்?
– வெல்டிங் வேலை செய்பவர், பண்டாரவளை

ஒட்டலாம், ஆனால் ஒட்டியபின் விரிசல் விடும். அதுவும் உடனே இல்லை, இரவு கழித்து. காரணம் ஐதரசன். வெல்டிங் கம்பியின் பூச்சில் ஈரம் இருந்தால் அது வில்லின் சூட்டில் பிரிந்து உருகிய இரும்புக்குள் போகிறது. கேற் செய்யும் மென்னிரும்பு அதைப் பொறுத்துக்கொள்ளும். கவச இரும்பின் கடினம் பிரினெல் என்ற கடின அளவையில் 500 அளவு, மென்னிரும்பைப்போல் மூன்று மடங்குக்கு மேல். அது வளைந்து கொடுக்காது, விரிசல் விடும். அதனால்தான் ஒட்டுகளை 48 மணித்தியாலம் கழித்துச் சோதிக்கிறார்கள்.

ஐதரசன் குறைந்த வகைக் கம்பியை 300 முதல் 350 பாகை வரை ஒன்றிரண்டு மணித்தியாலம் சுட்டு, வேலை முடியும்வரை சூடான பெட்டியில் வைத்திருக்கவேண்டும். பண்டாரவளையில் பனிமூட்டம் இறங்கும் மாலையில் பக்கெற்றைத் திறந்து மேசையில் வைத்தால் அந்தச் சூடெல்லாம் வீண். கவசத்துக்குப் பெரும்பாலும் துருப்பிடிக்காத உருக்கு வகைக் கம்பியை எடுப்பார்கள். ஒட்டு மென்மையாக இருந்து ஐதரசனைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும்.

அடுத்த தொல்லை சூடு. தடித்த தகட்டை ஒட்டுமுன் இளஞ்சூடாக்கவேண்டும், ஆனால் ஒரு ஓட்டத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் 200 பாகையைத் தாண்டவிடக்கூடாது. தாண்டினால் ஒட்டின் இரு பக்கமும் கடினம் இறங்கி, குண்டு நுழைய மெல்லிய கோடு ஒன்று தயாராகிவிடும். அவசரப்பட்டு ஒரே மூச்சில் ஓட்டினால் நடப்பது இதுதான்.

உடலை ஒரு நாட்டிலும் கோபுரத்தை மறு நாட்டிலும் செய்யும்போது இரு தொழிற்சாலையும் ஒரே கம்பி, ஒரே சூடு, ஒரே ஓட்ட வரிசை என்று எழுத்தில் ஒப்புக்கொண்டு, மாதிரித் தகடுகளை ஒட்டிச் சுட்டுப் பார்த்துத் தேறவேண்டும். செய்தித்தாளில் இந்த வேலை வராது, வருடக்கணக்கில் நேரம் தின்பது இதுபோன்றவைதான்.

நம் பாட்டன் பூட்டன் வந்த தமிழ்நாட்டில், ஆவடியில் தாங்கி செய்கிறார்களே. அது முழுக்க இந்தியாவுடையதா?
– வாசகர், பதுளை

நீங்கள் கேட்கும் அர்ஜுன் தாங்கி ஆவடியில் வடிவமைக்கப்பட்டு அங்கேயே பொருத்தப்படுகிறது. திட்டம் 1974இல் தொடங்கியது, முதல் தொகுதி படைக்குப் போனது 2004இல். எஞ்சின் ஜேர்மனியின் எம்.டி.யு., கியர்பெட்டியும் ஜேர்மனியின் ரெங்க். 2021இல் 118 அர்ஜுன் எம்கே-1ஏ தாங்கிகளுக்குக் கட்டளை கொடுத்தார்கள், அதன் எடை 68 தொன்.

எஞ்சினும் கியர்பெட்டியும் யாரிடமிருக்கிறதோ அவர் கையில்தான் திட்டத்தின் கடிவாளம். லடாக் மலைக்கென்று செய்த 25 தொன் சொராவர் தாங்கிக்கு ஜேர்மன் எஞ்சின் தாமதமாக, அமெரிக்காவின் கம்மின்ஸ் எஞ்சினுக்கு மாறினார்கள். 2024 ஜூலையில் அதைக் காட்டினார்கள். துருக்கியின் அல்தாய்க்கு நேர்ந்தது இதைவிட மோசம். தென்கொரியாவின் தொழில்நுட்ப உதவியுடன் தாங்கியை வடிவமைத்துவிட்டு, ஜேர்மன் எஞ்சின் கிடைக்காமல் பல வருடம் நின்றது. கடைசியில் எஞ்சினும் கியர்பெட்டியும் தென்கொரியாவிலிருந்தே வந்தன. அந்தக் கொரியாவே தன் கே2 தாங்கிக்குச் சொந்தக் கியர்பெட்டி நீடிப்புச் சோதனையில் தேறாததால் ஜேர்மன் பெட்டியைப் போட்ட நாடு.

கூட்டாகச் செய்து சரியாக வந்தது ஒன்றுகூட இல்லையா?
– ஆசிரியை, ஹப்புத்தளை

இருக்கிறது, பொக்ஸர் என்ற எட்டுச் சக்கரக் கவச வாகனம். அதிலும் பிரான்ஸ் 1999இலும் பிரித்தானியா 2003இலும் விலகின. ஆனால் வாகனத்தை ஆரம்பத்திலேயே இரண்டாகப் பிரித்திருந்தார்கள். சக்கரமும் எஞ்சினும் உள்ள கீழ்ப்பகுதி எல்லோருக்கும் ஒன்று. மேலே ஏற்றும் பெட்டி அம்புலன்ஸாகவும் இருக்கலாம், கட்டளை அறையாகவும் இருக்கலாம். கிரேன் இருந்தால் சுமார் ஒரு மணித்தியாலத்தில் பெட்டியை மாற்றலாம். ஜேர்மனியும் நெதர்லாந்தும் தொடர்ந்தன, பிரித்தானியா 2018இல் திரும்பி வந்தது.

ஆறு சக்கரக் கவச வாகனத்துக்காகப் பின்லாந்து தொடங்கிய திட்டம் இன்னும் எளிமை. பட்ரியா கம்பனியிடம் வேலை செய்யும் வாகனம் ஒன்று முன்கூட்டியே இருந்தது. லத்வியா சேர்ந்தது, பிறகு 2022இல் சுவீடன், 2023இல் ஜேர்மனி. தங்கள் ரேடியோவையும் ஆயுதத்தையும் தெரிவு செய்துகொண்டார்கள், அடிப்படையில் கைவைக்கவில்லை. தொடக்கத்தில் உடனிருந்த எஸ்தோனியா இடையில் விலகியபோதும் திட்டம் நிற்கவில்லை.