ஏஜெண்ட் விற்கும் ‘ஹலால் டூர்’: எதை நம்பலாம்?

கேள்வி: கீழக்கரையிலிருந்து தங்கை குடும்பம் 5 நாள் ‘ஹலால் டூர்’ பேக்கேஜில் சிங்கப்பூர் வருகிறது. இரண்டு வேளைச் சாப்பாடு ‘நோ போர்க், நோ லார்ட்’ கடையில். “கடல் உணவுதானே” என்கிறார் ஏஜெண்ட். சாப்பிடலாமா? தொழுகைக்கு என்ன வழி?

பதில்: அந்த இரண்டு வேளையையும் மாற்றித் தரச் சொல்லுங்கள். அந்தப் பலகை பன்றி இறைச்சியும் கொழுப்பும் இல்லை என்கிறது, அவ்வளவுதான். மீனை ஆவியில் வைக்கும்போது ஷாவ்சிங் மது ஊற்றினார்களா, அதே வாணலியில் எந்தக் கோழியை வதக்கினார்கள் என்பதற்கு அதில் பதில் இல்லை.

சுற்றுலா உரிமம் வேறு, ஹலால் சான்று வேறு. உரிமம் இருக்கிறது என்பதற்காக ஏஜெண்ட் தரும் சாப்பாடு ஹலால் ஆகிவிடாது. ஹலால் சான்று தரும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸின் முத்திரையை அனுமதியின்றிப் பயன்படுத்தினால் 10,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். முத்திரை போடாமல் விளம்பரத் தாளில் ‘ஹலால் டூர்’ என்று மட்டும் அச்சடிப்பவரை இந்த விதி பிடிப்பதில்லை. இந்த ஓட்டை எத்தனை காலம் இப்படியே கிடக்கும்?

வாட்ஸ்அப்பில் சான்றிதழ்ப் படம் அனுப்புவார்கள். பெரிதாக்கிப் பாருங்கள். கடைப் பெயர், முகவரி, காலாவதித் தேதி மூன்றும் சரியாக இருக்க வேண்டும். ஒரு கிளைக்குக் கொடுத்த சான்று இன்னொரு கிளைக்குச் செல்லாது. வழக்கமாக ஏமாற்றுவது இங்கேதான். முயிஸ் இணையதளப் பட்டியலிலும் கடையைத் தேடுங்கள்.

ஒரு விதிவிலக்கு. லிட்டில் இந்தியாவின் தேக்கா நிலையத்திலும் மற்ற உணவங்காடி நிலையங்களிலும் முஸ்லிம்கள் நடத்தும் பிரியாணி, முர்தபா கடைகள் பல சான்று வாங்காதவை. சான்று கட்டாயமில்லை, வாங்கச் செலவும் ஆகும். சான்று இல்லை என்பதால் அவை ஹராம் ஆகிவிடாது. சமைப்பவர் முஸ்லிமா, இறைச்சி எங்கிருந்து வருகிறது, கடையில் மது உண்டா என்று முதலாளியிடமே கேளுங்கள். தயங்காமல் பதில் வந்தால் சாப்பிடுங்கள். மழுப்பினால் எழுந்துவிடுங்கள். ஏஜெண்ட் “முஸ்லிம் கடைதான்” என்று சொல்வதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். முதலாளியைத்தான் கேட்க வேண்டும். உணவங்காடிகளில் தட்டைத் திருப்பி வைக்க ஹலாலுக்குத் தனி அடுக்கு உண்டு; சாப்பிட்டதும் தட்டை அதிலேயே வைக்கச் சொல்லுங்கள். மாற்றி வைத்தால் அடுத்தவருக்குச் சிக்கல்.

தொழுகையில் இடிப்பது மாலை நேரம். இங்கே மக்ரிப் (சூரியன் மறைந்ததும் தொழுவது) ஏறத்தாழ 7 மணிக்கு. பேருந்து அப்போது மரினா பேயில் நிற்கும். ஷாஃபி மத்ஹபில் (இஸ்லாமியச் சட்டப் பிரிவில்), வரும் நாளும் போகும் நாளும் நீங்கலாக முழுதாக 4 நாள் தங்கும் எண்ணம் இல்லாவிட்டால், தொழுகையைச் சுருக்கவும் சேர்க்கவும் பயணச் சலுகை உண்டு. 5 நாள் பேக்கேஜில் நடுவே 3 நாள்தான். ஆகவே மக்ரிபை இரவுத் தொழுகையான இஷாவோடு சேர்த்துத் தொழலாம். இஷாவைச் சுருக்கினால் 2 ரக்அத் (தொழுகைச் சுற்று), மக்ரிப் எப்போதும் 3. ஹனஃபி மத்ஹபினர் சுருக்குவார்கள், சேர்க்க மாட்டார்கள்.

பகலில் சைனாடவுன் போனால் சவுத் பிரிட்ஜ் ரோடு ஜாமிஆ சூலியா பள்ளிவாசல், லிட்டில் இந்தியா என்றால் டன்லப் ஸ்ட்ரீட் அப்துல் கஃபூர் பள்ளிவாசல். படம் எடுக்க 10 நிமிடம் நிறுத்துவது போதாது. ஒளுவுக்கும் (தொழுமுன் கைகால் கழுவுவதற்கும்) தொழுகைக்கும் சேர்த்து அரை மணி நேரம் வேண்டும்.

கடை முகவரிகளையும் தொழுகை நிறுத்தங்களையும் எழுத்தில் வாங்கிய பிறகே மீதிப் பணத்தைக் கட்டச் சொல்லுங்கள்.