பழைய பிஎஸ்3-ஐ ஜெயில்பிரேக் செய்தால் கேஸ் வருமா?

கேள்வி: 2010-ல் வாங்கிய பிளேஸ்டேஷன் 3 (பிஎஸ்3) கேம் மெஷின் என்னிடம் இருக்கிறது. இப்போது டிஸ்க்கை உள்ளே இழுத்துக்கொள்கிறது, ஆனால் படிக்க மாட்டேன் என்கிறது. கடைக்காரர், "டிரைவ் எல்லாம் இனிமே கிடைக்காது சார், ஜெயில்பிரேக் பண்ணி ஹார்டு டிஸ்க்குல நூறு கேம் ஏத்தித் தர்றேன்" என்கிறார். என்னிடம் இருபது ஒரிஜினல் டிஸ்க் இருக்கிறது. கல்லூரியில் படிக்கும் மகனோ தானே செய்து, செய்முறையை யூடியூபில் போடப்போவதாகச் சொல்கிறான். சோனி யாரோ ஒரு பையன் மேல் கேஸ் போட்டதாகப் படித்த நினைவு. எங்களுக்கு ஏதாவது வருமா? (கோவை வாசகர்)

பதில்: உங்கள் மெஷினை உங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து நீங்கள் திறந்ததற்காக யாரும் கதவைத் தட்டப்போவதில்லை. ஆனால் உங்கள் கேள்விக்குள் நான்கு வேலைகள் கலந்து கிடக்கின்றன: மெஷினின் சாஃப்ட்வேர் பூட்டைத் திறப்பது (ஜெயில்பிரேக் என்பது இதுதான்), சொந்த டிஸ்க்கை நகலெடுப்பது, கடைக்காரரின் நூறு கேம், மகனின் வீடியோ. முதல் இரண்டுக்கும் பின்னிரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது, அது புரிய நீங்கள் படித்த அந்தப் பையனின் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

அவர் ஜார்ஜ் ஹாட்ஸ், நியூஜெர்சிக்காரர், வழக்கு வந்தபோது வயது 21. பதினேழு வயதிலேயே ஐபோனின் பூட்டைத் திறந்து பெயர் வாங்கியவர். பிஎஸ்3-யின் முதல் மாடல்களில் லினக்ஸ் என்ற கம்ப்யூட்டர் இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளும் வசதியைச் சோனியே கொடுத்திருந்தது (அமெரிக்க விமானப்படை ஆயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட பிஎஸ்3-களை வாங்கி, இணைத்து, சூப்பர் கம்ப்யூட்டரே கட்டியது). 2010 ஜனவரியில் ஹாட்ஸ் அந்த லினக்ஸ் வழியாக உள்ளே நுழைய ஒரு சந்து கண்டுபிடித்தார், ஏப்ரல் 1-ம் தேதி வந்த 3.21 அப்டேட்டில் சோனி அந்த வசதியையே பிடுங்கிவிட்டது. காசு கொடுத்து வாங்கியவர்களுக்குக் கோபம் வராதா? சோனி மேலேயே வழக்குப் போட்டார்கள், அது வருடக்கணக்கில் இழுத்துக் கடைசியில் சமரசமாகத்தான் முடிந்தது.

அதே 2010 டிசம்பரில் பெர்லினில் நடந்த ஹேக்கர் மாநாட்டில் ஃபெயில்ஓவர்ஃப்ளோ என்ற குழு மேடையேறிச் சோனியின் பிழையைப் போட்டுடைத்தது. அதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் இவ்வளவு பெரிய கம்பெனி இப்படி ஒரு தப்புச் செய்யும் என்று இன்றும் எனக்கு நம்ப முடியவில்லை. சோனியின் டிஜிட்டல் கையெழுத்து இருந்தால்தான் பிஎஸ்3 ஒரு சாஃப்ட்வேரை ஓட்டும். கையெழுத்துப் போடும் முறைக்கு ஈசிடிஎஸ்ஏ என்று பெயர். இதில் ஒவ்வொரு முறை கையெழுத்திடும்போதும் புதிதாக ஒரு ரகசிய எண்ணைக் குருட்டாம்போக்கில் எடுக்க வேண்டும், ஒருமுறை எடுத்ததை மறுபடி தொடவே கூடாது. சோனி எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைப் போட்டிருந்தது! இரண்டு கையெழுத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டு சமன்பாடு, தெரியாதவையும் இரண்டே இரண்டு: ஒன்று அந்த எண், இன்னொன்று சோனியின் ரகசியச் சாவி. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் எண் விழும், எண் விழுந்தால் சாவியும் விழும். கிட்டத்தட்ட பத்தாம் வகுப்புக் கணக்குதான்.

2011 ஜனவரியில் ஹாட்ஸ் அந்த வழியில் போய் மெஷினின் அடிவேரில் இருக்கும் ஒரு சாவியை எடுத்து இணையத்தில் போட்டார். ஜனவரி 11-ம் தேதி சோனி சான் பிரான்சிஸ்கோ ஃபெடரல் கோர்ட்டுக்குப் போனது. டிஎம்சிஏ என்கிற 1998-ம் வருட அமெரிக்க டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம், கம்ப்யூட்டர் மோசடிச் சட்டம், இன்னும் கையில் கிடைத்த பிரிவுகளெல்லாம் மனுவில் இருந்தன. அந்த மாதக் கடைசியிலேயே தடை உத்தரவு வந்தது, ஹார்டு டிஸ்க்குகளை ஒப்படைக்கச் சொன்னது கோர்ட். நியூஜெர்சியில் இருப்பவர் மேல் கலிஃபோர்னியாவில் வழக்குப் போட முடியுமா என்பதே தனிச் சண்டையாகி, அதற்கு ஆதாரம் தேட அவர் தளத்தை யார் யார் பார்த்தார்கள் என்ற ஐபி விவரம், அவருடைய பேபால் கணக்கு விவரம் எல்லாவற்றையும் கேட்டு வாங்கச் சோனிக்கு அனுமதி கிடைத்தது. இதற்கு நடுவில் ஒரு கூத்து: சோனியின் விளம்பரப் பாத்திரம் ஒன்றின் ட்விட்டர் கணக்கு, யாரோ அனுப்பிய அந்தச் சாவி எண்ணை என்ன ஏதென்று தெரியாமல் தானே ரீட்வீட் செய்தது.

ஏப்ரலில் சமரசம். ஹாட்ஸ் தப்பை ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் இனி சோனி பொருள் எதன் பூட்டிலும் கை வைப்பதில்லை என்ற நிரந்தரத் தடைக்குச் சம்மதித்தார். ஆக, சொந்த மெஷினைத் திறப்பது குற்றமா என்ற கேள்விக்கு நீதிபதி பதில் சொல்ல வேண்டிய நிலையே வரவில்லை. இப்படிப்பட்ட வழக்குகளில் பெரும்பாலும் இதுதான் கதை, வக்கீல் ஃபீஸ் தாங்காமல் ஒரு பக்கம் உட்கார்ந்துவிடும். இன்னொன்றைக் கவனியுங்கள். ஒரு வருடத்துக்கு முன்பே ஹாட்ஸ் உள்ளே நுழைந்துவிட்டார், அப்போதெல்லாம் வழக்கு வரவில்லை. சாவியை எல்லோர் கையிலும் கொடுத்த பிறகுதான் வந்தது.

விற்றவர்கள் கதை இதைவிட மோசம். நிண்டெண்டோ கம்பெனியின் ஸ்விட்ச் என்ற கேம் மெஷினுக்குப் பூட்டுடைக்கும் கருவிகள் விற்ற டீம் எக்ஸிக்யூட்டர் கும்பலில் ஒருவர் கேரி பவுசர், கனடாக்காரர். 2020-ல் டொமினிகன் குடியரசில் பிடித்தார்கள், 2022 பிப்ரவரியில் அமெரிக்காவில் 40 மாதச் சிறை கொடுத்தார்கள். கிரிமினல் வழக்கில் நிண்டெண்டோவுக்கு 45 லட்சம் டாலர், சிவில் வழக்கில் இன்னொரு 1 கோடி டாலர் கொடுக்க வேண்டும். சிறையில் இருந்தபோது மாதம் 25 டாலர் கட்டிக்கொண்டிருந்தார் என்றால் கடன் எப்போது தீரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 2024-ல் யூசு என்ற எமுலேட்டரை (ஸ்விட்ச் கேம்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் சாஃப்ட்வேர்) உருவாக்கியவர்கள் மேல் நிண்டெண்டோ வழக்குப் போட்ட ஒரே வாரத்தில் அவர்கள் 24 லட்சம் டாலருக்குச் சம்மதித்து மூட்டை கட்டினார்கள்.

சரி, உங்கள் கதைக்கு வருவோம். நம் நாட்டில் பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தில் 2012-ல் சேர்த்த 65ஏ பிரிவுதான் இதற்கு. பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு வருடம் வரை சிறை, அபராதமும் உண்டு. "நோக்கத்தோடு" என்ற சொல்லில்தான் உங்கள் பலம் இருக்கிறது. சட்டம் தடுக்காத ஒரு காரியத்துக்காகத் திறந்தால் அது குற்றமில்லை என்று அதே பிரிவு சொல்கிறது. முறையாக வாங்கிய சாஃப்ட்வேரை வியாபார நோக்கமில்லாமல் சொந்த உபயோகத்துக்கு நகலெடுக்க 52-வது பிரிவு இடம் கொடுக்கிறது. அதனால் உங்கள் இருபது டிஸ்க்கை நீங்களே உங்கள் ஹார்டு டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டால், என் கணிப்பில், நீங்கள் நல்ல நிலையில்தான் நிற்கிறீர்கள். நூற்றுக்கு நூறு என்று சொல்ல மாட்டேன், கேமுக்குள் பாட்டும் படமும் சேர்ந்தே இருப்பதால் அது வெறும் சாஃப்ட்வேர் இல்லை என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதாடலாம்.

அந்த 65ஏ-வில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. இன்னொருவருக்காகப் பூட்டைத் திறக்க உதவுகிறவர், அந்த ஆளின் பெயர், முகவரி, எதற்காகத் திறந்தார் என்ற விவரம் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டுமாம். கடைக்காரரிடம் "அந்த நோட்டைக் காட்டுங்க" என்று ஒருமுறை கேட்டுத்தான் பாருங்களேன்.

நூறு கேம் விஷயத்தில் வேடிக்கைக்கு இடமில்லை. திருட்டு நகல் என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்துகிறவருக்கு 63பி பிரிவு ஏழு நாள் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம் என்கிறது. லாப நோக்கம் இல்லையென்றால் சிறை இல்லாமல் அபராதத்தோடு விடலாம். "இது கம்ப்யூட்டர் இல்லையே, கேம் மெஷின்தானே" என்று தப்ப முடியாது, அந்தச் சட்டத்தில் கம்ப்யூட்டர் என்பதற்குத் தகவலைக் கையாளும் எந்த எலக்ட்ரானிக் கருவியும் அடக்கம். நடைமுறையில் வீடு வீடாக வந்து தேட மாட்டார்கள், மாட்டுவது கடைக்காரர். ஆனால் அன்றைக்கு உங்கள் மெஷின் அவர் மேஜைமேல் இருந்தால் அதுவும் சேர்ந்து ஸ்டேஷனுக்குப் போகும்.

வீடியோ வேண்டாம். மகனிடம் கண்டிப்பாகவே சொல்லுங்கள். பிஎஸ்3 எப்படி உடைந்தது என்ற கதையை, அந்தக் கணக்கை, தாராளமாக விளக்கட்டும், அது அருமையான வீடியோவாகவும் இருக்கும். சாவி எண், டவுன்லோட் லிங்க், "இந்த ஃபைலை இங்கே போடு" என்ற செய்முறை, இவை மூன்றும் கூடாது. அப்புறம், திறந்த மெஷினை பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் இணைக்காமல் இருக்கச் சொல்லுங்கள். சோனி அங்கே மெஷினையும் அக்கவுன்ட்டையும் தடை செய்யும், அதற்குக் கோர்ட்டுக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை, அக்கவுன்ட்டில் காசு கொடுத்து வாங்கிய கேம்களும் அதோடு கைவிட்டுப் போகலாம்.

இவ்வளவுக்கும் முன்னால் இன்னொன்றைச் செய்து பாருங்கள். டிஸ்க்கை இழுக்கிறது, படிக்கவில்லை என்றால் பெரும்பாலும் லேசர் தேய்ந்திருக்கும். பிஎஸ்3-யில் டிரைவின் சர்க்யூட் போர்டு அந்தந்த மெஷினோடு ஜோடி சேர்த்து வந்தது, வேறு மெஷினின் டிரைவை அப்படியே மாட்டினால் கேம் ஓடாது. கடைக்காரர் "கிடைக்காது" என்பது ஒருவேளை இதை மனதில் வைத்துத்தான். பழைய போர்டை அப்படியே வைத்துக்கொண்டு லேசரை மட்டும் மாற்றலாம், அதற்கு எந்தப் பூட்டையும் உடைக்க வேண்டியதில்லை. மாடல் நம்பர் மெஷினின் ஸ்டிக்கரில் சிஇசிஎச் என்று தொடங்கும், அதைக் குறித்துக்கொண்டு போய் அதற்குப் பொருத்தமான லேசரைக் கேளுங்கள்.