தொழிற்பழகுநர் பயிற்சிக்கு முதலாளிகளையும் இளைஞர்களையும் எப்படி இணங்க வைப்பது?

கேள்வி: எங்கள் தொழிற்பேட்டையில் அப்ரண்டிஸ் பயிற்சியைப் பரப்ப விரும்புகிறோம். சிறு முதலாளிகள் "எதற்கு இந்த வம்பு" என்கிறார்கள். பையன்களின் வீட்டாரோ "குறைந்த கூலிக்கு ஆள் பிடிக்கிறீர்கள்" என்கிறார்கள். இரு தரப்பையும் எப்படி இணங்க வைப்பது?

கோவையில் 24 பேர் வேலை செய்யும், பிற நிறுவனங்களுக்குப் பாகங்கள் செய்து தரும் ஒரு ஜாப் ஒர்க் தொழிற்கூடத்தை நடத்தி வருகிறேன். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து, தொண்ணூறுகளில் ஒரு பெரிய ஆலையில் ஓராண்டு அப்ரண்டிஸாக இருந்தவன் என்பதாலும், கடந்த சில ஆண்டுகளாக என் கூடத்திலேயே பழகுநர்களைச் சேர்த்து வருவதாலும், இந்தக் கேள்வியின் இரு பக்கங்களையும் ஓரளவு அறிவேன். நீங்கள் குறிப்பிடும் இரண்டு தயக்கங்களுக்கும் நியாயமான காரணங்கள் உண்டு. அவற்றை அறியாமை என்று ஒதுக்கிவிட்டுத் துண்டறிக்கை அடிப்பதால் எந்தப் பயனும் இல்லை.

முதலில் வீட்டார் பக்கத்தைச் சொல்கிறேன். கொங்குப் பகுதியில் 'அப்ரண்டிஸ்' என்ற சொல்லைக் கெடுத்ததில் பஞ்சாலைகளில் நடந்த 'சுமங்கலித் திட்டத்துக்கு' பெரும் பங்கு உண்டு. பதின்வயதுப் பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் விடுதியில் தங்க வைத்து, திருமணச் செலவுக்கு உதவும் மொத்தத் தொகையை முடிவில் தருவதாகச் சொல்லி, பதிவேட்டில் அவர்களை அப்ரண்டிஸ் என்று எழுதி, முழுத் தொழிலாளியின் வேலையை வாங்கிய கதைகளைக் கேட்காத கிராமம் இங்கே குறைவு. அப்படிப்பட்ட ஊரில் ஒரு தாய் நம்மைச் சந்தேகத்தோடு பார்த்தால் அவர் மீது எந்தத் தவறும் இல்லை. ஆகவே, பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தம் இல்லாமல் யாரையும் 'அப்ரண்டிஸ்' என்று அழைக்கக் கூடாது என்பதை உங்கள் தொழிற்பேட்டைச் சங்கத்தின் முதல் தீர்மானமாக வையுங்கள். வாய்ப்பேச்சில் சேர்த்துக்கொண்ட ஹெல்பருக்கு அந்தப் பெயரைச் சூட்டும் ஒரே ஒரு முதலாளி போதும், உங்கள் ஓராண்டு உழைப்பு வீணாகிவிடும்.

முதலாளிகளின் அச்சம் பெரும்பாலும் பழைய சட்டத்தைப் பற்றியது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தில் முன்பு சிறைத்தண்டனை இருந்தது உண்மைதான். 2014ஆம் ஆண்டுத் திருத்தம் அதை நீக்கி அபராதத்தோடு நிறுத்திவிட்டது. 2019இல் மாற்றப்பட்ட விதிகளின்படி, ஒப்பந்தப் பணியாளர்களையும் சேர்த்து 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் மொத்த எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். 4 முதல் 29 பேர் வரை உள்ள கூடங்களுக்கு அது விருப்பத்தைப் பொறுத்தது. தொழிற்பேட்டைகளில் உள்ள பெரும்பாலான கூடங்கள் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை என்பதால், "உங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை" என்று தொடங்கினாலே பாதி இறுக்கம் தளர்ந்துவிடும். தனியாகப் பயிற்சிக்கூடம் கட்ட வேண்டுமோ என்ற கவலையும் பலருக்கு உண்டு. அதே தொழிற்பிரிவில் ஐ.டி.ஐ. முடித்தவருக்கு அடிப்படைப் பயிற்சி மீண்டும் தேவையில்லை என்பதால், அவரை நேரடியாகப் பட்டறையிலேயே பழக்கலாம். சட்டத்தின் 18ஆம் பிரிவு பழகுநரைப் பயிற்சி பெறுபவராகத்தான் பார்க்கிறது, தொழிலாளியாகப் பார்ப்பதில்லை. ஆனால் பாதுகாப்பு, உடல்நலம், வேலைநேரம் ஆகியவற்றில் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. காயம்பட்டால் இழப்பீடு தரும் பொறுப்பும் முதலாளிக்கு உண்டு. இந்தப் பிற்பகுதியையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பணக் கணக்கைப் பொதுக்கூட்டத்தில் பேசுவதைவிட ஒரு தாளில் எழுதிக் காட்டுவது நல்லது. 2019 விதிகள் ஐ.டி.ஐ. முடித்தவருக்கு மாதம் 7,000 ரூபாயைக் குறைந்தபட்ச உதவித்தொகையாக நிர்ணயித்தன. 2016இல் தொடங்கிய தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தின் கீழ் அதில் 25 விழுக்காட்டை, 1,500 ரூபாய் உச்சவரம்புக்குள், மத்திய அரசு ஏற்கிறது. ஆக, ஆண்டுக்கு 84,000 ரூபாயில் 18,000 ரூபாய் அரசின் பங்காகவும் 66,000 ரூபாய் முதலாளியின் பங்காகவும் அமையும். 2025 மே மாதத்தில் மத்தியத் தொழிற்பழகுநர் மன்றம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை இருந்த உதவித்தொகையை 6,800 முதல் 12,300 ரூபாய் வரை உயர்த்தப் பரிந்துரைத்திருப்பதால், சேர்க்கும் நாளில் நடைமுறையில் உள்ள தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். என் கருத்து, இந்தக் குறைந்தபட்சத்தோடு நின்றுவிடாதீர்கள் என்பதே. இரு சக்கர வண்டியில் உணவு கொண்டு சேர்த்தாலே இதைவிட அதிகம் கையில் நிற்கும் நகரத்தில், பேருந்துச் செலவும் மதியச் சாப்பாடும் சேர்த்துத் தராத முதலாளிக்கு நல்ல பையன் கிடைப்பது கடினம்.

இவை எல்லாம் முடிந்த பிறகுதான் முதலாளியின் உண்மையான தயக்கம் வெளியே வரும். "கற்றுக் கொடுத்தால் பக்கத்துக் கூடத்துக்கு ஓடிவிடுவான்" என்பதே அது. என்னிடம் பயிற்சி முடித்த ஆறு பேரில் மூவர் போய்விட்டார்கள் என்பதை நான் சொல்லத்தான் வேண்டும். இருந்தும் தொடர்ந்து சேர்க்கிறேன். பயிற்சி இல்லாத ஆளை இயந்திரத்தை இயக்க நிறுத்தி, அவர் கெடுத்த பாகங்களுக்காக வாடிக்கையாளரிடம் தலைகுனிந்து நின்ற மாதங்களோடு ஒப்பிட்டால், மூவர் போன இழப்பு எனக்குச் சிறியதாகவே தெரிகிறது. தவிர, போனவர்கள் எங்கும் மறைந்துவிடவில்லை. இதே ஊரின் கூடங்களில்தான் வேலை செய்கிறார்கள். ஒரு தொழிற்பேட்டையில் பத்துப் பேர் சேர்ந்து பழக்கத் தொடங்கினால், ஒருவர் இழப்பது மற்றவருக்கு வரவாகும். சங்கம் என்ற அமைப்பு பயன்படும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் யாரையும் சேர்ப்பதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்றை நான் தாமதமாகவே கற்றேன். கற்றுக் கொடுக்கப் போகிற மூத்த தொழிலாளியை முதலில் இணங்க வைக்க வேண்டும். என் முதல் பழகுநரை என் கூடத்தின் மூத்த டர்னரிடம் (லேத் என்னும் கடைசல் இயந்திரத்தை இயக்குபவர்) ஒரு வார்த்தைகூட முன்கூட்டிச் சொல்லாமல் ஒப்படைத்தேன். உற்பத்தி எண்ணிக்கை குறைந்தால் அவரைத்தான் கேட்பேன் என்ற நிலையில், அவர் பையனை டீ வாங்கவும் சுருள் கழிவை அள்ளவும் அனுப்பினார். மூன்று மாதம் அந்தப் பையன் லேத்தைத் தொடவே இல்லை. தவறு என்னுடையது. அடுத்த ஆண்டு அவரோடு உட்கார்ந்து ஒரு பக்க அட்டவணை எழுதினோம். முதல் இரண்டு மாதம் வெர்னியர், மைக்ரோமீட்டர் அளவுகளும் பிசிறு எடுத்தலும். அடுத்து டிராயிங்கில் டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கப்படும் வேறுபாடு) படிப்பதும் டிரில், டூல் கிரைண்டிங் செய்வதும். அதன்பின் லேத்தில் ஃபேசிங், டர்னிங், போரிங், மரை வெட்டுதல். கடைசி நான்கு மாதம் கணினி வழி இயங்கும் சி.என்.சி. இயந்திரத்தில் ஜாப் கட்டி ஆஃப்செட் (வெட்டும் கருவிக்கான அளவுத் திருத்தம்) கொடுப்பது. அந்த ஓராண்டுக்கு அவருடைய எண்ணிக்கை இலக்கைக் குறைத்து, மாதம் ஒரு சிறு தொகையையும் கூட்டிக் கொடுத்தேன். வாரந்தோறும் பையன் தன் நோட்டில் செய்ததை எழுதுவார், அவர் கையெழுத்திடுவார். பிற முதலாளிகளிடம் பேசும்போது நான் எடுத்துச் செல்வது அந்த நோட்டைத்தான். அதைப் புரட்டிப் பார்த்தவர்கள் கேட்ட கேள்விகள் வேறு எந்தக் கூட்டத்திலும் என்னிடம் கேட்கப்பட்டதில்லை.

இளைஞர்களுக்கும் அதே அட்டவணைதான். ஐ.டி.ஐ.யில் இறுதித் தேர்வு நெருங்கும் மாதங்களில் முதல்வரின் அனுமதியோடு மாணவர்களையும் பெற்றோரையும் ஒரு சனிக்கிழமை கூடத்துக்கே அழைத்து வாருங்கள். பேசுவதற்கு முதலாளியைவிட, அங்கே முந்தைய ஆண்டு பயிற்சி பெற்றவர் நல்லவர். ஒரு தாய் என்னிடம், "ஏனுங்க, வருசம் முடிஞ்சா பையனுக்கு வேலை போட்டுக் குடுத்துருவீங்களா?" என்று நேராகவே கேட்டார். ஒப்பந்தம் அப்படி உறுதி தருவதில்லை என்பதையும், தேர்வில் வென்றால் கிடைக்கும் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் எங்கும் செல்லும் என்பதையும், ரயில்வேயின் கடைநிலைப் பணியிடங்களில் 20 விழுக்காடு ரயில்வேயிலேயே பழகுநர் பயிற்சி முடித்தவர்களுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டிருப்பதால் அது நம் பையனுக்குப் பொருந்தாது என்பதையும் சொன்னேன். உண்மையைக் கேட்ட பிறகுதான் அவர் கையெழுத்திட்டார். பெண் பிள்ளைகளின் வீட்டாரை அழைக்கும்போது கழிப்பறையையும் உடை மாற்றும் இடத்தையும் முதலில் காட்டுங்கள். அவை இல்லையென்றால் கட்டிய பிறகு அழையுங்கள்.

நடைமுறையில் ஒரு சிறு எச்சரிக்கை. ஒப்பந்தத்தை அரசின் தொழிற்பழகுநர் இணையதளத்தில் பதிவு செய்யும் முன் பையனின் ஆதார் பெயர், சான்றிதழ்ப் பெயர், வங்கிக் கணக்கு மூன்றும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். 2023 முதல் அரசின் பங்கு நேரடியாக அவருடைய கணக்கில் சேர்வதால், ஆதார் இணைக்கப்படாத கணக்கில் அது நின்றுவிடும். என் பழகுநர் ஒருவருக்கு முதல் மூன்று மாதத் தொகை இப்படித் தேங்கியது. அவர் வீட்டில் நான்தான் பிடித்து வைத்திருப்பதாக நினைத்தார்கள். மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்துக்குப் பையனையும் அவர் தந்தையையும் நானே அழைத்துச் சென்று, அலுவலரின் மேசை முன் அமர்ந்து விவரத்தைக் காட்டிய பிறகுதான் அந்தச் சந்தேகம் தீர்ந்தது.